காலமும் காலகாலனும்

ஒளியை அறியக் கண் உண்டு. ஒலியை அறியச் செவி உண்டு. காலத்தை அறிதற்கென்று நமக்கு வாய்த்த பொறி யாது? ஐம்பொறிகளுள் ஒன்றும் அன்று. நிழல் நகர்வதையும், நாழிகை வட்டிலில் நீர் நிறைவதையும், கடிகார முள் சுழல்வதையும் காண்கின்றோமேயன்றிக் காலத்தைக் கண்டவர் இலர். மாற்றத்தைக் கண்டு காலத்தைக் கருதியுணர்கின்றோம்.

அக்கருத்து எத்துணைப் பிழைபடும் என்பதற்கு ஒரு சான்று காண்போம். மிசேல் சிஃப்ர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர், 1962ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், கடிகாரம் இன்றி ஆல்ப்ஸ் மலைக் குகையொன்றில் இறங்கித் தனித்திருந்தார். செப்டம்பர் 14ஆம் நாள் அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே எண்ணியிருந்தார். 25 நாள்கள் அவர் கணக்கில் இல்லை! 120 நொடிகளை எண்ணி முடிக்க அவருக்கு 5 நிமிடம் அளவில் ஆயிற்று. ஆயினும் அவருடைய உடல், உறக்கமும் விழிப்பும் 24 மணிக்குச் சற்று மிகுதியாக ஒரு சுற்று என்னும் ஒழுங்கைக் கைவிடவில்லை. உடல் நாளை அறிந்திருந்தது, உள்ளம் அறியவில்லை. ஒரு நாளை மற்றொரு நாளினின்று பிரித்துக் காட்டும் அடையாளம் அவ்விருளில் இல்லை. அடையாளமின்றிக் கழிந்த நாள் நினைவில் நில்லாது. நினைவில் நில்லாத நாளை உள்ளம் எண்ணுவதும் இல்லை. குகை புகாமலே இங்ஙனம் நாள்களை இழப்போர் நம்முள் எத்துணையோ பேர்!

சைவ சித்தாந்தம் காலத்தை 36 தத்துவங்களுள் ஒன்றாக வைத்துப் பேசுகின்றது. அது வித்தியாதத்துவம் ஏழனுள் அடங்குவது, அசுத்த மாயையில் தோன்றுவது, சடம். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாய் நின்று உயிரின் நுகர்ச்சியை வரையறுப்பது. சடம் தானே இயங்காது, இயக்குபவன் இறைவன். ஆகவே காலம் நம்மை ஆளும் தலைவனன்று; உயிர் வினையை நுகர்ந்து பக்குவப்படுதற்பொருட்டு இறைவன் கூட்டிய கருவியே ஆகும்.

வீரட்டத் தலங்கள் எட்டனுள் ஒன்றாகிய திருக்கடவூரில் இறைவன் காலகாலனாய் விளங்குகின்றான். 60ஆம் ஆண்டும் 80ஆம் ஆண்டும் நிறைவுற்றோர் அங்குச் சென்று ஆயுள் வேண்டி வழிபடுகின்றனர். நன்றே. ஆயினும் மார்க்கண்டேயர் செய்தது யாது? 16 ஆண்டே ஆயுள் என்று அறிந்திருந்தும், எஞ்சிய நாளை எண்ணி அவர் அஞ்சியிருக்கவில்லை. இறுதி நாளையும் பூசனைக்கே உரியதாக்கிச் சிவலிங்கத்தைத் தழுவி நின்றார். அவர் நாளைப் பற்றவில்லை. நாளை இயக்குவோனைப் பற்றினார்.

நாமும் ஆயுளை வேண்டும்போது, அந்நாள்களில் என் செய்யப் போகின்றோம் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். நாள்தோறும் ஒரு நாழிகையேனும் திருநீறணிந்து, ஐந்தெழுத்தை ஓதி, இறைவனை நினைந்திருப்போமாயின், அந்நாள் அடையாளமின்றிக் கழியாது.

திருச்சிற்றம்பலம்.