பைல் பெயரில் ஓர் எழுத்து

சென்ற ஆண்டு எங்கள் மண்டியில் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரை மாற்றி விண்டோஸ் போட்டோம். மாற்றிய அன்றே உள்ளூர்க் கடைகளின் பாக்கிப் பட்டியல் காணாமல் போயிற்று. பழைய மெஷினில் 'பாக்கி' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு பைல், சிறிய எழுத்தில் இன்னொரு பைல். ஒன்று உள்ளூர், மற்றது வெளியூர். பென் டிரைவில் ஏற்றும்போது, "இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அதன்மேல் எழுதவா?" என்று கேட்டிருக்கிறது. கணக்குப்பிள்ளை சரியென்று அழுத்திவிட்டார். பழைய மெஷினையும் அழித்தாயிற்று. பில் புத்தகங்களைப் புரட்டிப் பட்டியலை மறுபடி எழுத 11 நாட்கள் பிடித்தன. இரண்டு கடைகளின் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது இது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பைலுக்கும் விலாசம் உண்டு: எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்த ஏடு என்று. அதை எழுதும் முறைக்கு 1988-இல் போசிக்ஸ் என்ற தர விதி வந்தது. அதன்படி பெயர்களைப் பிரிப்பது சாய்கோடு. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. லினக்ஸ் பெரும்பாலும் இதை ஒட்டியே நடக்கிறது.

விண்டோஸின் வழி வேறு. அதற்கு முந்திய டாஸில் 1983-இல் அலமாரி முறை வந்தபோது, சாய்கோடு ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. ஆகவே எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டை எடுத்துக்கொண்டார்கள். எழுத்தின் பெரிது சிறிதையும் அது பொதுவாகப் பார்ப்பதில்லை. மேக் கதை இன்னும் வேடிக்கை. அதன் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு யூனிக்ஸ் தரச் சான்றிதழே பெற்றது. ஆனால் வாங்கும்போது வரும் அமைப்பில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். அக்மார்க் முத்திரை இருந்தாலும் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள்தானே நாம்!

பில் எண்ணிலும் கவனம் தேவை. ஜி.எஸ்.டி. விதி பில் எண்ணில் சாய்கோட்டை அனுமதிக்கிறது. அதே எண்ணைப் பைலுக்குப் பெயராக வைத்தால் லினக்ஸ் அதை அடுத்த தட்டுக்கு வழி என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் பெயரையே ஏற்காது. சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்டால் இரண்டிலும் செல்லும்.

எங்கும் செல்லும் என்று போசிக்ஸ் சொல்பவை ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு, சிறுகோடு ஆகியவைதாம். எங்கள் மண்டியில் இப்போது அதிலும் சிறிய எழுத்து மட்டுமே. மெஷின் மாற்றும்போது, லாரியில் மூட்டை எண்ணி இறக்குவதுபோல, ஏற்றிய பைல் எத்தனை, இறங்கியது எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகே பழையதை அழிக்க விடுகிறோம்.