காலை மாத்திரை போட்டாச்சா?

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவரிடம் வீடியோவில் டாக்டர் கேட்கிறார்: "டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்த பிறகுதானே காலை மாத்திரை போட்டீங்க?" ஏன் இந்தக் கேள்வி?

புதுச் சிறுநீரகம் உடலுக்கு என்றும் அந்நியம்தான். அதனால் உடல் அதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்துகளில் ஒன்று டாக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும்; கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவ்வளவு குறுகலான பாதை. அதனால்தான், தினம் இருவேளை போடுபவருக்கு இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, அடுத்ததை விழுங்கும்முன், ரத்தத்தில் மிச்சமிருப்பதை அளக்கிறார்கள்.

உள்ளூர் லேப் ரிப்போர்ட்டும், நோட்டில் குறித்த எடை, பிரஷர், சிறுநீர் அளவும் இருந்தால் வீடியோவிலேயே டாக்டரைப் பார்க்கலாம்; நெடும்பயணமும் கூட்ட நெரிசலில் தொற்றும் அபாயமும் குறையும். ஆனால் தையல் போட்ட இடத்தைத் திரை தொட்டுப் பார்க்காது. காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ வீடியோவுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.