ராத்திரித் தொண்டை வலி: வேர் எங்கே இருக்கு?

போன தை மாதம் மாப்பிள்ளைச் சம்பாவை அறுத்துக் களத்தில் போட்டிருந்தேன். விதைக்கு எடுக்கிற நெல். அதனால் ஆள் விடாமல் நானே நாலு நாள் நின்று தூற்றினேன். ராத்திரி காவலுக்குக் களத்துக் கொட்டகையிலேயே படுக்கை. நாலாம் நாள் நடுச்சாமத்தில் தொண்டையில் முள் தைத்த மாதிரி வலி. எச்சில் விழுங்க முடியல. "பனியில படுக்காதீங்கன்னா கேக்குறீங்களா?" என்று வீட்டில் சத்தம் போட்டார்கள். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கசாயம் வைத்து, படுக்கப் போகும்போது குடித்தேன். காலையில் தேவலாம் போல இருக்கும். ராத்திரி மறுபடி அதே வலி.

மூணு வாரம் ஆனதும் பயம் வந்துவிட்டது. என் அப்பா வெற்றிலையோடு புகையிலை போடுவார். குரல் கம்மியபோது "பனிதாண்டா" என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டார். கடைசியில் காட்டியபோது புற்று முற்றியிருந்தது. அந்த நினைப்பில் தஞ்சாவூருக்குப் போய் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். கட்டி எதுவும் இல்லை என்றவர், மூன்று கேள்வி கேட்டார்: "பகல்ல என்ன வேலை? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு? வாயைத் திறந்து தூங்குவீங்களா?"

பயிரில் இலை சுருண்டால் உடனே மருந்து அடிக்கிறோமா? தழைச்சத்து கூடிப்போச்சா, தண்ணி தேங்குதா என்று காரணம் பார்க்கிறோம். என் தொண்டைக்கு மட்டும் நான் அதைச் செய்யவில்லை.

ஏன் ராத்திரியில் வலிக்குது?

தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும். தொண்டை காய்ந்துபோகும். பகலில் பட்ட காயம் அப்போதுதான் தெரியும். எனக்கு மூன்று காரணம் சேர்ந்திருந்தது.

ஒன்று, சுணைத் தூசி. உமியில் சிலிக்கா அதிகம். அந்தத் தூசி தொண்டையை அராவும். இரண்டு, மூக்கடைப்பு. தூசியும் பனியும் கொசுவர்த்திப் புகையும் சேர்ந்து மூக்கை அடைக்க, வாயால் மூச்சு விட்டேன். படுத்ததும் மூக்குச்சளி பின்பக்கமாகத் தொண்டைக்கு இறங்கியது. மூன்று, வயிற்றுப் புளிப்பு. பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்தால் அது மேலே ஏறித் தொண்டையைச் சுடும். நெஞ்செரிச்சல் இல்லாதவர்களுக்கும் இப்படி வரலாம். படுக்கும்போது நான் குடித்த மிளகுக் கசாயம் அதைக் கிளறித்தான் விட்டிருக்கிறது!

நான் மாற்றியவை

தூற்றும்போது காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்கிறேன். துண்டு நுண்தூசியை நிறுத்தாது. அதனால் என்95 முகக்கவசம் போடுகிறேன். வேலை முடிந்ததும் குளித்து, வாய் கொப்பளித்து, மூக்கையும் கழுவிவிடுகிறேன். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். தலைமாட்டை அரையடி உயர்த்திப் படுக்கிறேன்.

வலி இருந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, காலையும் படுக்குமுன்பும் தொண்டை வரை கொப்பளிப்பேன். வேலியில் படர்ந்திருக்கும் தூதுவளையில் ரசம் வைத்து மதியச் சோற்றோடு சாப்பிடுவேன். அதிமதுரத் துண்டை மெல்வதும் இதம்தான். ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தவிர்க்கணும். ஆடாதோடைக் கசாயமும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

தள்ளிப்போடாதீங்க

காய்ச்சலோடு வலி, தொண்டையில் வெள்ளைப் படலம், கழுத்தில் கட்டி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்க. குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினாலும், ஒரு வாரத்துக்கு மேல் வலி தொடர்ந்தாலும் காட்டிவிடுங்க. புகையிலை போடுகிறவர்கள் ஒருநாளும் "பனிதான்" என்று விட்டுவிடாதீங்க.

இந்தத் தை மாதமும் தூற்றினேன். ராத்திரி நல்லாத் தூங்கினேன். அப்பாவிடம் யாராவது அந்த மூன்று கேள்வியை முன்னமே கேட்டிருக்கலாமே என்று மட்டும் தோன்றியது.