சீசாவில் தொடங்கும் சைக்கிள் சவாரி! தெரியுமா?

சீசா என்றால் என்ன? எண்ணெய் ஊற்றி வைக்கும் புட்டி என்கிறீர்களா? பூங்காவில் பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து ஏறி இறங்கும் பலகை என்கிறீர்களா? இரண்டும் சரிதான். மூன்றாவதாக ஒரு சீசா இருக்கிறதே, தெரியுமா? அது ஓர் அரண்மனை! இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில்!

வயது? 850க்கு மேல்! 1165ல் நார்மன் அரசர் முதலாம் வில்லியம் கட்டத் தொடங்கினார். முடித்தது அவர் மகன் இரண்டாம் வில்லியம். அப்போது நம் ஊரில் ஆண்டது யார் தெரியுமா? தாராசுரம் கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜ சோழன்! அங்கே ஒரு ராஜா அரண்மனைக்குக் கல் அடுக்க, இங்கே ஒரு ராஜா கோயிலுக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். இன்று இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில்!

கட்டியவர் கிறிஸ்தவ அரசர். பெயரோ அரபு! ‘அல் அஸீஸா’, அதாவது அருமையானது, பெருமைக்குரியது என்று பொருள். அதுதான் வாயில் புரண்டு புரண்டு சீசா ஆனது.

கரண்டே இல்லாத ஏ.சி. பார்த்திருக்கிறீர்களா? இந்த அரண்மனையின் முகப்பு கடலைப் பார்த்து நிற்கிறது. கடல் காற்று பெரிய வளைவுகள் வழியே நுழையும். கூடத்தின் நடுவே வாய்க்காலில் நீரூற்று ஓடும். தண்ணீரைத் தொட்ட காற்று குளிர்ந்து மேல்மாடி வரை ஏறும்! 12ஆம் நூற்றாண்டில்!

சரி, சைக்கிளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! இந்த வாசலிலிருந்து மிதிக்கத் தொடங்கினால் ராஜாக்கள், ரயில்கள், ரேஸ் கார்கள், எரிமலை என்று ஒரு தீவே விரிகிறது. குரங்குப் பெடல் போடும் பொடியனுக்கும் வழி உண்டு. மலை ஏறினால்தான் சாப்பாடு இறங்கும் என்கிற வீரனுக்கும் வழி உண்டு!

தீவு எவ்வளவு பெரியது? மத்தியதரைக் கடலிலேயே பெரியது! சுமார் 25,700 சதுர கி.மீ. இலங்கையை ஐந்து பங்கு போட்டால் இரண்டு பங்கு.

இந்த ஊருக்கும் பாதைகளுக்கும் உறவு பழையது. 1154ல் பலெர்மோ அரண்மனையில் அரசர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் உலக வரைபடம் ஒன்றை முடித்துக் கொடுத்தார். வந்து போகும் பயணிகளையும் வணிகர்களையும் உட்கார வைத்து, எந்த ஊருக்கு எத்தனை நாள், எந்தக் கடல், எந்த மலை என்று கேட்டுக் கேட்டு எழுதினாராம். அந்த வரைபடத்தில் தெற்கு எங்கே தெரியுமா? மேலே! நம் இலங்கையும் அதில் உண்டு!

முதல் சவாரி எங்கே? மொன்ரியாலே! சீசாவிலிருந்து ஏறக்குறைய ஏழு கி.மீ. தூரம் ஒன்றுமில்லை, ஏற்றம்தான் விஷயம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 310 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். மூன்று மலைக்கோட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சிக்கு மிதித்தே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்! மேலே என்ன கிடைக்கும்? தங்கம் மின்னும் கண்ணாடிச் சில்லுகளால் சுவரெல்லாம் இழைத்த பேராலயம்! அந்தச் சில்லோவியம் மட்டும் 6,000 சதுர மீட்டருக்கு மேல்! பக்கத்து முற்றத்தில் 228 சிறு தூண்கள், ஜோடி ஜோடியாக!

ஏறினவர் இறங்க வேண்டாமா? 2020 அக்டோபர் 3. ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் இந்த மொன்ரியாலேயில்தான் தொடங்கியது. அங்கிருந்து பலெர்மோவுக்கு 15.1 கி.மீ. தனித்தனியாக ஓட்ட வேண்டும். இத்தாலி வீரர் ஃபிலிப்போ கன்னா எடுத்துக்கொண்ட நேரம் 15 நிமிடம் 24 நொடி! கணக்குப் போடுங்கள். சராசரியே மணிக்கு 58.8 கி.மீ.! மொபெட்டெல்லாம் பின்னால் கும்பிடு போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்!

அதைவிட வேடிக்கை ஒன்று கேட்கிறீர்களா? இதே சிசிலியில் 1906ல் முதல் ‘தார்கா ஃப்ளோரியோ’ கார் பந்தயம் நடந்தது. நடத்தியவர் வின்சென்சோ ஃப்ளோரியோ. மார்சாலா ஒயினிலும் சூரை மீனிலும் காசு பார்த்த குடும்பம். பத்தே பத்து கார்கள். மடோனியே மலைப்பாதையில் மூன்று சுற்று, 446 கி.மீ. ஜெயித்த அலெஸ்ஸாந்த்ரோ கான்யோவுக்கு ஒன்பதரை மணி நேரம் ஆயிற்று. அவர் சராசரி வேகம்? மணிக்கு 47 கி.மீ. கூட இல்லை! 1906ன் ரேஸ் காரை 2020ன் சைக்கிள் முந்திவிட்டது! தார் காணாத அந்தக் காலத்து மலைப்பாதைக்கும் இந்தக் காலத்து இறக்கத்துக்கும் ஒப்பீடு நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். ஆனாலும் ரசிக்காமல் இருக்க முடிகிறதா?

அந்த மலைப்பாதை இன்றும் இருக்கிறது! பிற்காலச் சுற்று 72 கி.மீ. செர்தா, கால்தாவுதுரோ, கொலெசானோ என்று ஊர் ஊராகச் சுற்றும். ஃபெராரியும் போர்ஷேவும் சீறிய வளைவுகளில் இப்போது ஆட்டு மணிச் சத்தம்! 1977ல் கார் பந்தயம் நின்றது. கால் வலுவானவர்கள் மட்டும் இந்தப் பக்கம் போகலாம். ஏற்றம், வளைவு, மறுபடி ஏற்றம்!

பக்கத்திலேயே காஸ்தெல்புவோனோ. அங்கே குப்பை எடுக்க யார் வந்தார்கள் தெரியுமா? கழுதைகள்! 2007ல் ஊராட்சியே இறக்கிவிட்டது! சந்து பொந்துகளில் லாரி நுழையாது, கழுதை நுழையும், டீசலும் கேட்காது! அதே ஊர்ப் பக்கம் ஒரு வகை மரத்தின் பட்டையைக் கீறினால் சாறு வடிந்து, வெயிலில் காய்ந்து, வெள்ளைக் குச்சியாக இனிக்கும். ‘மன்னா’ என்று பெயர். நம்மூரில் பனையைச் சீவிப் பதநீர் இறக்குகிறோம். அவர்கள் மரத்தைக் கீறி மிட்டாயே இறக்குகிறார்கள்!

ஏற்றமே வேண்டாம், மூச்சு வாங்குகிறது என்கிறீர்களா? உங்களுக்குத்தான் ரயில் பாதை! ரயிலில் போகச் சொல்லவில்லை. பலெர்மோவிலிருந்து கோர்லியோனே போகும் குறுகிய ரயில் பாதை 1886ல் திறந்தது, 1959ல் மூடியது. அதன் தடத்தில் ஒரு பகுதி இன்று சைக்கிள் பாதை! இதில் என்ன வசதி தெரியுமா? நீராவி எஞ்சினுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி, சாய்வாகவே தடம் போட்டிருந்தார்கள். அன்று எஞ்சினுக்குச் செய்த தயவு இன்று நம் முழங்காலுக்கு!

வழியில் ஃபிகுட்ஸா காடு. பிரெஞ்சுப் படைக்குப் பயந்து நேப்பிள்ஸிலிருந்து ஓடிவந்த பூர்போன் அரசர் ஃபெர்டினாண்ட் இங்கே ஒரு வேட்டை மாளிகை கட்டிக்கொண்டார். ஆட்சி ஆட்டம் கண்டபோதும் வேட்டையை விடவில்லை மனிதர்! மாளிகைக்குப் பின்னால் 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது புசாம்ப்ரா பாறை.

கோர்லியோனே என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ‘காட்ஃபாதர்’! நம்ம ‘நாயகன்’ படத்துக்கே முன்னோடி! ஆனால் 1972ல் வந்த அந்தப் படத்தின் சிசிலிக் காட்சிகளை எடுத்தது கோர்லியோனேயில் இல்லை. தீவின் அடுத்த கோடியில், சவோக்கா என்ற ஊரில்!

சமதளம்தான் வேண்டும், ஒரு மேடு கூட ஆகாது என்றால்? ட்ராபனி நகருக்குப் பஸ் ஏறுங்கள். அங்கிருந்து மார்சாலா வரை சுமார் 30 கி.மீ. உப்பளச் சாலை! ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாத்தி பாத்தியாக உப்பு, நடுவே காற்றாலைகள், தண்ணீரில் பூநாரைகள்! வேதாரண்யத்து உப்பளத்தையும் கோடியக்கரைப் பறவைகளையும் பெயர்த்து வைத்தாற்போல இருக்கும். குழந்தை, தாத்தா, பாட்டி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். எதிர்காற்று அடித்தால் மட்டும் கொஞ்சம் திட்டிக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்!

அங்கே கடலுக்கடியில் ஒரு சாலை இருக்கிறது, தெரியுமா? 2,500 ஆண்டுகளுக்கு முன் ஃபினீசியர்கள் மோட்சியா தீவுக்குப் போட்டது! நீளம் சுமார் 1.7 கி.மீ. கடல் மட்டம் உயர்ந்து சாலை முங்கிப் போனது. முங்கினாலும் விட்டார்களா? 20ஆம் நூற்றாண்டில்கூடத் தண்ணீருக்குள்ளேயே திராட்சை வண்டி ஓட்டியிருக்கிறார்கள்!

அதே பக்கம் செஜெஸ்தா என்ற இடத்தில் ஒரு கிரேக்கக் கோயில். 36 தூண்கள்! கூரை? இல்லை! இடிந்துவிட்டதா? இல்லவே இல்லை! கட்டி முடிக்கவே இல்லை! ஏறக்குறைய 2,400 ஆண்டுகளாக அரைகுறையாகவே நிற்கிறது. நம் ஊர்ப் பாலங்களைத் திட்டுகிறோம்!

அங்கிருந்து தெற்கே போனால் மனசைப் பிசைகிற ஓர் இடம். 1968 ஜனவரி நிலநடுக்கத்தில் ஜிபெல்லினா ஊர் மொத்தமாக இடிந்தது. புது ஊரை வேறு இடத்தில் கட்டினார்கள். பழைய ஊரை? ஆல்பெர்த்தோ புர்ரி என்ற கலைஞர் இடிபாடுகள்மேல் வெள்ளைக் காங்கிரீட் போர்வையாகப் போர்த்திவிட்டார்! சுமார் 80,000 சதுர மீட்டர்! ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான அந்தப் பாளங்களுக்கு நடுவே விரிசல் விரிசலாக வழிகள். அந்த விரிசல்கள் எல்லாம் பழைய தெருக்கள்! இங்கே மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி நடங்கள்.

பசிக்கிறதா? பலெர்மோவிலிருந்து செஃபாலு போகும் கடற்கரைச் சாலையில் த்ரபியா என்றொரு ஊர். சேமியா மாதிரி நூல் நூலாக ஒரு மாவுப் பண்டத்தை அங்கே நிறையச் செய்து, கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று அதே அல் இத்ரீசி எழுதி வைத்திருக்கிறார். மார்கோ போலோ பிறப்பதற்கு 100 ஆண்டு முன்னால்! அவர்தான் சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்ற கதை அங்கேயே படுத்துவிட்டது! இன்னொன்று: சிசிலிக்காரர்களுக்குக் கோடையில் காலைப் பலகாரம் என்ன தெரியுமா? பன்னும், கிரானீத்தா என்ற ஐஸும்! காலையிலேயே ஐஸ்!

மறுபடி சைக்கிளுக்கு வருவோம். 1930ல் ஜிரோ டி இத்தாலியா முதன்முறையாகச் சிசிலிக்கு வந்தது. அந்த வருஷம் ஆல்ஃப்ரெடோ பிண்டா என்ற வீரருக்கு 22,500 லிரா கொடுத்தார்கள். எதற்கு? ஜெயித்ததற்கா? இல்லை, பந்தயத்துக்கு வராமல் வீட்டில் இருப்பதற்கு! அவர் வந்தால் அவரேதான் ஜெயிப்பார், கூட்டம் வராது என்ற பயம்!

தீவின் கிழக்கே எட்னா எரிமலை. 3,300 மீட்டருக்கும் மேல். அது சாம்பல் கக்கும் நாட்களில் கத்தானியா நகரில் இருசக்கர வாகனங்களுக்குத் தடை போடுவதுண்டு! மழையால் லீவு கேள்விப்பட்டிருக்கிறோம், சாம்பலால் லீவு? ஆசையிருந்தும் கால் ஒத்துழைக்கவில்லையா? மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். மிதிக்க மிதிக்க மோட்டாரும் சேர்ந்து தள்ளும். ஐரோப்பியச் சட்டப்படி மணிக்கு 25 கி.மீ. தாண்டினால் மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும். என்னைக் கேட்டால், இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை!

சுற்றிவிட்டுப் பலெர்மோவுக்கே திரும்பினால் பெல்லெக்ரீனோ மலை. 606 மீட்டர். ஊரை 1624ல் கொள்ளைநோயிலிருந்து காத்ததாக நம்பப்படும் புனித ரோசாலியாவின் குகைக்கோயில் மேலே இருக்கிறது. ஏற்றத்தில் மூச்சிரைக்க மிதிக்கும்போது பக்கத்தில் யாராவது தமிழில் பேசிக்கொண்டு நடந்தால் வெயில் மயக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்! பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். கிறிஸ்தவர் மட்டுமல்ல, சைவக் குடும்பங்களும் ரோசாலியாவைக் கும்பிட இந்த மலை ஏறுகின்றன!

எப்போது போகலாம்? ஏப்ரல், மே, இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசி. ஆகஸ்டில் மட்டும் வேண்டவே வேண்டாம்! 2021 ஆகஸ்ட் 11 அன்று இந்தத் தீவின் சிராகுசா பக்கம் பதிவான வெப்பம் 48.8 டிகிரி செல்சியஸ்! ஐரோப்பாவிலேயே அதிகம்! வேலூர்க்காரரே விசிறி தேடுவார். பலெர்மோ நகருக்குள் ஓட்டுவதும் லேசில்லை. பாரிமுனையில் ஓட்டிப் பழகியவர்கள் மட்டும் பயப்பட வேண்டாம்!

சவாரி முடிந்ததும் மறுபடி சீசாவுக்குள் நுழையுங்கள். உடம்பு குளிரும். நுழைவு வளைவுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். அங்கே சித்திரத்தில் சில உருவங்கள். ‘சீசாவின் பிசாசுகள்’ என்று ஊரார் சொல்வார்கள். அரண்மனையில் புதைந்த புதையலுக்கு அவைதான் காவலாம்! எத்தனை பிசாசு என்று சரியாக எண்ணியவர் யாரும் இல்லையாம். ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு! கணக்கு உதைத்தால் பலெர்மோக்காரர்கள் கேட்பதே, “இதென்ன, சீசா பிசாசா?” என்றுதான்!

போனால் நீங்களும் எண்ணிப் பாருங்கள். எத்தனை வந்தது என்று எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்!