பழைய பத்மினிக்குக் கண் மங்கினால்...

மும்பைத் தெருக்களில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பிரீமியர் பத்மினி டாக்சிகளின் காலம் முடிந்துவிட்டது. கடைசி பத்மினி டாக்சி 2003-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பது விதி. 2023 அக்டோபரோடு அதுவும் விடைபெற்றது. ஆனால் குர்லா தொழிற்சாலையில் தயாரான அந்தக் கார், சொந்த வண்டியாகச் சிலரிடம் இன்னும் இருக்கிறது. நம்மவர்களிடமும் இருக்கிறது.

அவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான். என்ஜின் ஓடுகிறது, இரவில் ரோடு தெரியவில்லை!

தாராவியில் வசிக்கும் ஓய்வு பெற்ற மில் கிளார்க் ஒருவருக்கு, பொங்கலுக்கு மனைவியோடு தம் பத்மினியிலேயே திருநெல்வேலிக்குப் போக ஆசை. போன தடவை புனே தாண்டி கம்பட்கி மலைப்பாதையில், விளக்கில்லாமல் நின்ற லாரியை மிக அருகில் வந்த பிறகே பார்த்து பிரேக்கை மிதித்தாராம். "காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் அப்பா" என்று மகன் ஒற்றைக் காலில் நின்றார். பெரியவர் கேட்கவில்லை. 100/90 வாட் பல்பு இரண்டு வாங்கிக்கொண்டு, சயானில் உள்ள நமது ஊர் எலெக்ட்ரீஷியனிடம் போனார்.

எலெக்ட்ரீஷியன் பல்பைத் தொடவே இல்லை. "அண்ணாச்சி, முதலில் மீட்டரை வைத்துப் பார்ப்போம்" என்றார்.

லைட்டைப் போட்டதும் பேட்டரியில் 12 வோல்ட் காட்டியது. ஹெட்லைட் பின்னில் 10.8 வோல்ட்தான்!

ஒரு வோல்ட் போனால் என்ன?

நிறையப் போகிறது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், பல்பின் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். கார் புதிதாக இருந்தபோதே ஹெட்லைட்டின் கரண்ட் முழுவதும் மெல்லிய ஒயரில் சுற்றி, ஸ்டியரிங் அருகே உள்ள ஸ்விட்ச் வழியாகத்தான் போயிற்று. அம்பாசடர் என்றால் காலால் மிதிக்கும் டிம்மர் ஸ்விட்சும் சேரும். அந்த ஸ்விட்சின் முனைகள் இப்போது கருகிக் கிடக்கின்றன. மும்பையின் நான்கு மாத மழையும் உப்புக் காற்றும் எர்த் போல்ட்டைத் துருவாக்கிவிட்டன. சால் கட்டிடத்தில் குழாய் துருப்பிடித்தால் மூன்றாம் மாடியில் தண்ணீர் சொட்டுமே, அந்தக் கதைதான்.

இதில் 100 வாட் பல்பு போட்டால்? இரண்டுக்கும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய 45 வாட் பல்புகள் இழுத்தது ஏழரை ஆம்பியர்தான். ஸ்விட்ச் உருகும், டாஷ்போர்டுக்குள் புகை வரும். பல்பு விற்கும் கடைக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார்.

ரிலே வைத்தார்

எலெக்ட்ரீஷியன் செய்தது வேறு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வைத்தார். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை பியூஸ் வழியாக ரிலேயின் 30-ம் நம்பர் முனைக்குக் கொடுத்தார். 87-லிருந்து நேரே ஹெட்லைட்டுக்கு ஒயர் போயிற்று. பழைய ஸ்விட்ச் ஒயரை 86-ல் செருகினார்; 85 எர்த். இனி ஸ்விட்சுக்கு ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலை மட்டுமே. பெரிய கரண்ட் அதன் பக்கமே வராது. ஹெட்லைட்டின் எர்த் ஒயரையும் பாடியில் விடாமல் பேட்டரிக்கே கொண்டுவந்தார்.

அதன்பிறகுதான் பல்பு. அதுவும் 60/55 வாட் ஹாலஜன் போதும் என்று சொல்லிவிட்டார். பழைய சாதாரண பல்பைவிட இதன் வெளிச்சம் ஏறக்குறைய இரு மடங்கு. ஹாலஜன் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி வெடிக்கும். ரிஃப்ளெக்டரில் வெள்ளி போயிருந்தால் எந்தப் பல்பும் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும். பழைய டைனமோ வண்டிக்காரர்கள், சிக்னலில் என்ஜின் மெதுவாக ஓடும்போது ஹெட்லைட்டை அணைத்து பார்க் லைட் போடுவது பேட்டரிக்கு நல்லது.

எல்.இ.டி. போடலாமே என்பார்கள். பழைய ரிஃப்ளெக்டர், பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. சில்லு வேறு இடத்தில் இருந்தால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் விழும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இதற்காகவே இருக்கிறது. 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசாதபடி ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டு லென்ஸ் வாங்குவோரும் கவனிக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான லென்சில் வெளிச்சம் வலதுபுறம் மேலேறும். நமக்கு இடதுபுறம்தான் ஏற வேண்டும்.

கடைசி வேலை சுவரில் நடந்தது. 25 அடி தள்ளி காரை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீசால் கோடு போட்டார்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்கு 3 அங்குலம் கீழே வரும்வரை திருகைத் திருப்பினார் எலெக்ட்ரீஷியன். பெரியவருக்கு முகம் மலர்ந்தது. கிளம்பப் பார்த்தவரை எலெக்ட்ரீஷியன் விடவில்லை.

"ஊருக்குப் போகும்போது பின் சீட்டில் ஆள், டிக்கியில் மூட்டை இருக்குமே அண்ணாச்சி. பின்பக்கம் அமுங்கினால் லைட் வானத்தைப் பார்க்கும். சாமான் ஏற்றிய பிறகு ஒரு தடவை கொண்டு வாருங்கள்" என்றார்.