பள்ளிக்கூட மானியமும் பின்தங்கிய பிள்ளைகளும்

பொதுப் பணத்தைக் கொண்டு பள்ளிக்கூடம் நடத்துவதில் இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கப்பட வேண்டும். எவ்வளவு பணம் கொடுப்பது என்பது ஒன்று. எதைக் கணக்கிட்டுக் கொடுப்பது என்பது மற்றொன்று. முதல் விஷயத்தைப் பற்றிச் சட்டசபைகளில் வெகுநேரம் வாதம் நடக்கும். இரண்டாவதைப் பெரும்பாலோர் குமாஸ்தாக்களின் வேலை என்று விட்டுவிடுகின்றனர். ஆனால், உபாத்தியாயர் வகுப்பில் எந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி நிற்பார் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தையே பொறுத்திருக்கிறது.

கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கு இதை அதிகம் விளக்க வேண்டுவதில்லை. ஒரு சங்கத்தின் யோக்கியதையை, ஜூன் 30-ந் தேதியில் நூற்றுக்கு எவ்வளவு வசூலாயிற்று என்ற ஓர் எண்ணைக் கொண்டே மதிப்பிட்டால், அச்சங்கத்தின் பஞ்சாயத்தார் என்ன செய்வர்? நஞ்சை நிலம் உடையவருக்குத் தாராளமாகக் கடன் கிடைக்கும். குத்தகைக்காரர் மனு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும். தவணை தப்பியவர் பேரில் புதுக்கடன் எழுதி, அதனையே பழைய கடனுக்கு வரவு வைப்பதும் நடக்கும். பேரேடு சுத்தமாகிவிடும், கடன் இருந்த இடத்திலேயே இருக்கும். இதே காரியம் பள்ளிக்கூடங்களில் நடந்த சரித்திரம் ஒன்று உண்டு.

இங்கிலாந்தில் 1858-ஆம் வருஷம் நியூகாஸில் பிரபுவின் தலைமையில் ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டு, ஏழைகளின் ஆரம்பப் பாடசாலைகளை விசாரித்து, 1861-ல் அறிக்கை சமர்ப்பித்தது. உபாத்தியாயர்கள் மேல் வகுப்புப் பிள்ளைகளையே கவனிக்கின்றனர். சிறு பிள்ளைகள் படிக்கவும் எழுதவும் சரிவரக் கற்றுக்கொள்ளாமலே பள்ளியை விட்டுப் போய்விடுகின்றனர் என்பது அதன் முக்கியமான குறை. அப்போது சர்க்காரில் கல்விப் பொறுப்பை வகித்த ராபர்ட் லோ என்பவர் இதற்குப் பரிகாரமாக 1862-ல் புதிய விதிகளை ஏற்படுத்தினார். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பரீட்சித்து, அதன் பலனுக்குத் தக்கபடி மானியம் கொடுப்பது என்பதே அவ்விதிகளின் சாரம். செலவைக் குறைக்கும் நோக்கமும் லோவுக்கு இருந்தது உண்மையே. எனினும், பின்தங்கிய பிள்ளையும் கவனிக்கப்பட வேண்டும் என்று சொல்லியே இத்திட்டம் புகுத்தப்பட்டது என்பதை மறக்கலாகாது.

விதிகள் வருமாறு: சராசரி வருகையில் ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். ஆறு வயதுக்கு மேற்பட்டு, வருஷத்தில் 200 வேளைகளுக்கு மேல் வந்த பிள்ளைக்கு இதற்கு மேல் 8 ஷில்லிங்; காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று கணக்கு. ஆனால் அந்த 8 ஷில்லிங், இன்ஸ்பெக்டர் நடத்தும் பரீட்சையைப் பொறுத்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். மூன்றிலும் தவறினால் முழுத்தொகையும் போயிற்று. ஒரு முறை ஒரு வகுப்புக்குப் பரீட்சை கொடுத்த பிள்ளையை மறு வருஷமும் அதே வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது.

காகிதத்தில் இவை நியாயமாகவே தோன்றும். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அறுவடைக்கும் ஆடு மேய்க்கவும் அனுப்பப்பட்ட கூலிக்காரர் பிள்ளை 200 வேளை எப்படி வரும்? அது பரீட்சைக்கே தகுதியற்றதாகி, அதன் பேரில் வரக்கூடிய 8 ஷில்லிங்கும் இல்லாமற் போயிற்று. அத்தகைய பிள்ளைகள் மிகுந்த ஊரின் பள்ளிக்கு, அதாவது அதிக உதவி வேண்டிய பள்ளிக்கு, குறைந்த மானியமே சேர்ந்தது. மந்தமான பிள்ளை, கீழ் வகுப்புப் பாடம் வராமலே, விதியின் காரணமாக மேல் வகுப்புக்குத் தள்ளப்பட்டது. பல இடங்களில் உபாத்தியாயரின் சம்பளமே மானியத்தைப் பொறுத்திருந்தபடியால், பரீட்சைக்கு இல்லாத சரித்திரமும் பூகோளமும் மூலைக்குப் போயின. 1867-ல் இப்பாடங்களுக்குத் தனி மானியம் ஏற்படுத்தும்படி ஆயிற்று.

பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக ஊர் ஊராகச் சென்றுவந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இதனை ஆதிமுதல் கண்டித்தவர். உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ தெரியாத பிள்ளையையும், சாமர்த்தியமாகத் தயார் செய்து பரீட்சையில் தேற்றிவிட முடிகிறது என்று அவர் அறிக்கையில் எழுதினார். வாசிப்புப் பரீட்சை என்பது ஒரு புத்தகத்தை வருஷம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்வதாய் முடிந்தது. பேரேட்டில் வரவு, பிள்ளையிடம் கல்வி இல்லை. சர்க்காருக்கு மட்டும் ஒரு லாபம் இருந்தது: 1861-ல் 8 லட்சத்து 13 ஆயிரம் பவுனாக இருந்த மானியம் 1865-ல் 6 லட்சத்து 36 ஆயிரம் பவுனாகக் குறைந்தது. 1890-ஆம் வருஷத்து விதிகளால் இம்முறையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை பள்ளியை விட்டு வெளியேறிவிட்டது.

நிற்க. இந்தியாவிலும் இம்முறை வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் பல இவ்விதப் பரீட்சைப் பலனுக்கான மானியத்தைப் பெற்றே நடந்துவந்தன. 1882-ல் நியமிக்கப்பட்ட ஹண்டர் கமிஷன், ஆரம்பப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் இம்முறையே தகும் என்று சிபார்சு செய்தது. பிற்பட்ட ஜில்லாக்களில் உள்ள பள்ளிகளுக்கு மட்டும் தனி விதிகள் இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. ஏழைப் பள்ளி இம்முறையால் பிழைக்காது என்பதை இந்த விலக்கே ஒப்புக்கொள்கிறது அல்லவா? கர்ஸன் பிரபுவின் காலத்தில், 1904-ஆம் வருஷத்துக் கல்வித் தீர்மானம் இம்முறையைத் தள்ளிவிட்டது.

பழைய கதை என்று இதனை ஒதுக்கிவிடுவதற்கில்லை. நூறு வருஷம் கழித்து, 2002-ல், அமெரிக்கா ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வருஷந்தோறும் பரீட்சை. நூற்றுக்கு எத்தனை பிள்ளைகள் தேறினர் என்பதைப் பள்ளிதோறும் வெளியிட வேண்டும். 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட வேண்டும். தவறும் பள்ளிகள் மீது நடவடிக்கை. இங்கும் நோக்கம் நல்லதே. கறுப்பர் பிள்ளைகளின் தேர்ச்சியையும் ஏழைப் பிள்ளைகளின் தேர்ச்சியையும் தனித்தனியே காட்டச் செய்ததால், சராசரிக்குள் மறைந்துகிடந்த வேற்றுமை வெளிப்பட்டது. அது பெரிய நன்மைதான். ஆயினும் சிகாகோ நகரப் பள்ளிகளின் பரீட்சைக் கணக்கை ஆராய்ந்து, நீல், ஷான்ஸென்பாக் என்ற இரு பொருளாதார அறிஞர் 2010-ல் வெளியிட்ட முடிவு கவனிக்கத் தக்கது. தேர்ச்சிக் கோட்டுக்கு அருகில் இருந்த நடுத்தரப் பிள்ளைகள் முன்னேறினர். கடைசி ஐந்தில் ஒரு பங்கினருக்கு அனேகமாக ஒரு பயனும் ஏற்படவில்லை. 20 மார்க்கு வாங்கும் பிள்ளையை 30-க்கு உயர்த்தினாலும் பள்ளியின் கணக்கில் அது தவறிய பிள்ளைதான். 33 வாங்கும் பிள்ளையை 35-க்குக் கொண்டுவந்தாலோ ஓர் எண் கூடும். உபாத்தியாயர் நேரத்தை எங்கே செலவிடுவார் என்பது ஆச்சரியமன்று. 2015 டிசம்பரில் இச்சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டம் இயற்றப்பட்டது.

பரீட்சையே வேண்டாம் என்பது இதற்குப் பொருளாகாது. கணக்குப் பார்க்காத சங்கம் எப்படிக் கெடுமோ அப்படியே பரீட்சிக்காத பள்ளியும் கெடும். பணத்தை அதனோடு முடிச்சுப் போடுவதே தொல்லை. பிள்ளையின் தேவையைக் கணக்கிட்டுப் பணம் கொடுக்கும் முறையும் நடைமுறையில் உண்டு. கலிபோர்னியா மாகாணம் 2013 முதல், ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாமல் அதனை இன்னும் கற்றுவரும் பிள்ளை, பிறர் பராமரிப்பில் வளரும் பிள்ளை ஆகியோருக்கு, தலைக்கு 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துவருகிறது. இதற்கு முன்பே, கோர்ட்டு உத்தரவுகளால் ஏழைப் பிரதேசப் பள்ளிகளின் செலவு உயர்ந்த இடங்களை ஆராய்ந்த அறிஞர் மூவர் 2016-ல் ஒரு முடிவு கூறினர். பன்னிரண்டு வருஷப் படிப்பு முழுவதும் பிள்ளைக்கு ஆகும் செலவை 10 சதவீதம் உயர்த்தியதால், அவர்கள் வளர்ந்தபின் பெற்ற கூலி சுமார் 7 சதவீதம் கூடிற்று. அதிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கே பலன் அதிகம்.

இந்தியாவில் 2009-ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டப்படி, ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த வகுப்பாரின் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் உரிய அளவு இடம் தரவேண்டும். மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பது அக்குழுவின் வேலைகளில் ஒன்று. வரவு செலவு கேட்டுப் பழகிய சங்க அங்கத்தினர் அதில் உட்கார்ந்தால், தேறியவர் நூற்றுக்கு எத்தனை என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். ஜூன் மாதத்தில் பதிவேட்டில் இருந்த பிள்ளைகள் எத்தனை, பரீட்சை நாளில் வந்தவர் எத்தனை என்று கேட்பார். இரண்டு எண்களும் ஒத்துவராவிட்டால், இடையில் நின்ற பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் குழுவில் படிக்கச் சொல்வார். பாடப்புத்தகத்தில் இல்லாத நாலு வரியை எழுதிக் கொடுத்து, கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையை அதை வாசித்துக் காட்டவும் சொல்வார்.