ஆறு ஆறாகக் கூடிய மணல்

கடையில் அரைக்கால் படி என்று கேட்டு வாங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. அரைக்கால் என்றால் காலில் பாதி, எட்டில் ஒன்று. அரையையும் காலையும் பெருக்கி வரும் எண்ணுக்கு அந்த இரண்டு சொற்களையே ஒட்டிப் பெயர் வைத்திருக்கிறோம். அரைக்கு ஒரு முறை பாதியாக்க வேண்டும், காலுக்கு இரண்டு முறை, அரைக்காலுக்கு மூன்று முறை. கால் வீசமும் அப்படித்தான். வீசம் நான்கு முறை பாதியாக்கியது; அதோடு இரண்டு சேர்ந்தால் ஆறு, அதாவது அறுபத்து நான்கில் ஒன்று. (வீசத்தின் மறுபெயரான மாகாணியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மாவையும் காணியையும் கூட்டி வந்தது: 1/20 + 1/80.)

பள்ளியில் இதையே 'அடிமானம் ஒன்றானால் அடுக்குகளைக் கூட்டு' என்று மனப்பாடம் செய்தோம். அதனால்தான் 2³ × 2⁴ என்றதும் பாதிப் பேர் 2¹² என்று எழுதினோம். விரித்துப் போட்டால் மூன்று இரண்டுகள், பின்னால் நான்கு இரண்டுகள். ஏழைத் தவிர வேறு விடைக்கு அங்கே இடமே இல்லை.

இந்தச் சின்ன விதியை வைத்து உலகையே அளந்தவர் ஆர்க்கிமிடீஸ். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு, சிராக்யூஸ் நகரம். பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்ப எத்தனை மணல் வேண்டும் என்று மன்னன் கெலோனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றைய கிரேக்கத்தில் தனிப்பெயருள்ள மிகப் பெரிய எண் பத்தாயிரம்தான்.

ஒரு கசகசா அளவு இடத்தில் பத்தாயிரம் மணலுக்கு மேல் அடங்காது என்று வைத்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் விரலகல உருண்டை ஒன்றுக்கு 10⁹ மணல் தாராளம். உருண்டையின் விட்டத்தை நூறு மடங்காக்கினால் கொள்ளளவு 10⁶ மடங்காகும். ஆகவே ஒவ்வொரு தாவலுக்கும் ஆறைக் கூட்டினால் போதும்: 9, 15, 21, 27, 33, 39, 45, 51. ஏழே தாவலில் அன்றைய வானியலாளர்களின் பிரபஞ்சம் நிரம்பிவிட்டது.

அவருக்கு அது போதவில்லை. சூரியனை நடுவில் வைத்த அரிஸ்டார்க்கஸின் பிரபஞ்சம் இன்னும் பெரியது. அதன் விட்டத்தைப் பத்தாயிரம் மடங்கு என்று கொண்டார். கொள்ளளவில் அது 10¹² மடங்கு. எண்ணின் தோளில் குட்டி எண்ணை ஏற்றும் வழக்கம் 1637-இல் தெக்கார்த்தின் நூலில்தான் நிலைபெற்றது. ஆர்க்கிமிடீஸ் விதியைச் சொற்களாலேயே நிறுவிவிட்டு, 51-உடன் 12-ஐக் கூட்டினார். 10⁶³.